இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு மாத மளிகைச் செலவாக எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: சிங்காநல்லூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் கோவை சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். திருமணமாகி ஓராண்டு நிறையப் போகிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம். வாடகை, வண்டிக் கடன், சீட்டுப் பணம் ஆகியவை ஒரு கட்டுக்குள் நிற்கின்றன. மளிகை மட்டும் நிற்பதில்லை. மாதத் தொடக்கத்தில் எட்டாயிரம் என்று ஒதுக்குகிறோம்; இருபதாம் தேதி வாக்கில் அது தீர்ந்துவிடுகிறது; மாதம் முடியும்போது பதினான்காயிரத்தைத் தொட்டுவிடுகிறது.

இரண்டு பேருக்கு ஆறாயிரமே தாராளம் என்கிறார் என் அத்தை. கணவருடைய அலுவலக நண்பரோ, தம் வீட்டில் பதினெட்டாயிரம் ஆகிறது, இந்தக் காலத்தில் அதுதான் இயல்பு என்கிறார். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மாதம் ஒருமுறை பெரிய கடையில் வாங்குகிறோம். காய்கறியைத் தள்ளுவண்டியில் வாங்குவோம்; நேரமில்லாத நாட்களில் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலியில் சொல்லிவிடுவோம். இட்லி மாவு பாக்கெட்டாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி அல்லது மீன், மாதம் ஒருமுறை ஆட்டுக்கறி. சோப்பு, துணி துவைக்கும் தூள் போன்றவையும் இதே கணக்கில்தான் சேருகின்றன. ஓட்டல் செலவு சேரவில்லை. சிக்கனமாக இருங்கள் என்ற பொதுவான அறிவுரையைவிட, தொகையை எந்த அடிப்படையில் முடிவு செய்வது என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஈரோட்டுக் கணக்கர்

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒரு தொகையை முடிவு செய்துவிட்டு அதற்குள் சாமான்களை அடக்கப் பார்ப்பதால்தான் மாதாமாதம் துண்டு விழுகிறது. எதை எத்தனை கிலோ சாப்பிடுகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால் தொகை தானாக வந்துவிடும்.

அளவுக்கு நம்பகமான ஓர் அடிப்படை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகைகளோ அவற்றுக்கு ஈடான முட்டை, இறைச்சியோ 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதை இருவருக்கும் முப்பது நாட்களுக்கும் பெருக்கினால் தானியம் 15 கிலோ, பருப்பு 5 கிலோ, காய்கறி 24 கிலோ, பழம் 6 கிலோ, பால் 18 லிட்டர், எண்ணெய் 1.6 கிலோ என்று வரும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று பாருங்கள். நான் அறிந்த வீடுகளில் அரிசியும் எண்ணெயும் இந்த அளவைத் தாண்டுகின்றன. காய்கறியும் பழமும் பாதியைக்கூட எட்டுவதில்லை.

இனி எங்கள் ஊர்க் கடை விலையில் போட்டுப் பார்க்கிறேன். கோவையில் சிறிது ஏறலாம். பொன்னி புழுங்கல் பத்துக் கிலோ, இட்லி அரிசி மூன்று, கோதுமை மாவு இரண்டு என்று தானியத்துக்கு 900 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை அசைவம் இருப்பதால் பருப்பில் ஒரு கிலோவைக் குறைத்து, துவரை, உளுந்து, பாசிப்பருப்பு, சுண்டல் வகைகள் நான்கு கிலோவுக்கு 500 ரூபாய். முட்டை முப்பதுக்கு 200. ஆவின் நீல நிறப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய் என்ற விலையில் பாலுக்கு 720 ஆகிறது; தயிரை இதிலேயே உறைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் சேர்த்து இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக 500. காய்கறிக்கும் தேங்காய்க்கும் 1,400, பழத்துக்கு 540. கொட்டைகளில் பெரும்பகுதியை நிலக்கடலையாக வைத்துக்கொண்டால் 300. புளி, மிளகாய், மல்லி, சர்க்கரை, உப்பு, காப்பித்தூள் எல்லாவற்றுக்கும் 900. ஆக, சைவச் சமையலுக்கும் முட்டைக்கும் 5,960 ரூபாய். உங்கள் அத்தை சொன்ன ஆறாயிரம் வாய்க்கு வந்த எண் அல்ல என்பதைக் கவனியுங்கள். அசைவத்தையும் சோப்பையும் அவர் அதில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அசைவத்துக்கு 1,500, சோப்பு வகைகளுக்கு 800 என்று சேர்த்தால் 8,260 வரும். விருந்தாளி வருவதும் பண்டிகை வருவதும் உறுதி என்பதால் அதன்மேல் பத்து விழுக்காடு வையுங்கள். ஒன்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய ஒரு தொகைதான் உங்கள் வீட்டுக்கு நியாயமானது.

எட்டாயிரம் என்று ஒதுக்கியதில் பெரிய பிழை இல்லை. மிஞ்சிய ஐயாயிரம் சமையலறைக்குப் போகவில்லை என்று தோன்றுகிறது. அது எங்கே போகிறது என்பதை ஒரு மாத பில்களை வைத்துப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதில் 2: வைகைக்கரை

மேலே சொன்ன கணக்கில் காய்கறி விலையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சிங்காநல்லூரில் இருந்துகொண்டு தள்ளுவண்டியிலும் செயலியிலும் காய்கறி வாங்குவது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் உங்கள் பகுதியிலேயே உழவர் சந்தை உள்ளது. 1999இல் முதல் உழவர் சந்தை எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள் என்பதால் பேரம் பேசத் தெரியாதவர்களும் ஏமாற மாட்டார்கள். விடிந்ததும் போய்விட வேண்டும். தாமதித்தால் கீரை வாடியிருக்கும். வாரம் ஒருமுறை போக முடிந்தாலே போதும். முதல் மூன்று நாட்களுக்குக் கீரை, வெண்டை, கத்தரி என்று சீக்கிரம் கெடுபவற்றைச் சமைத்துவிட்டு, பூசணி, சேனை, வாழைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருமணத்துக்குப் பிறகு இருவர் பெயரையும் பெற்றோர் அட்டைகளிலிருந்து நீக்கிப் புதுக் குடும்ப அட்டை வாங்கிவிட்டீர்களா? அரிசி அட்டையாக இருந்தால் ரேஷன் கடையில் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. அரிசிக்குப் பணமே இல்லை. அந்த அரிசியைச் சோற்றுக்கு விரும்பாதவர்கள்கூட இட்லிக்கு ஊறப்போடுகிறார்கள்.

பதில் 3: இரவுப்பணி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய விவாதங்களில், மாவை வீட்டில் ஆட்டுங்கள், பொடியை வீட்டில் அரையுங்கள் என்று தொடங்கி, அந்த வேலை முழுவதும் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஊறவைத்து ஆட்டினால் மூன்று கிலோ மாவு வரும். சாமானுக்கு 80 ரூபாய் ஆகிறது. கடையில் அதே மூன்று கிலோ 160 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் ஒன்பது கிலோவுக்கு வித்தியாசம் 240 ரூபாய்தான். வேலைக்குப் போகும் இருவர் அந்த 240 ரூபாயைக் கொடுத்து மூன்று மாலைப் பொழுதுகளைக் காப்பாற்றிக்கொள்வதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். அதைக் கணக்கில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்; குற்ற உணர்ச்சியோடு வாங்கினால் அது கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

செயலி வேறு விஷயம். அதில் பொருளின் விலை பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் குறைந்தபட்சத் தொகையை எட்டாவிட்டால் கொண்டுவரும் கட்டணமும், கையாளும் கட்டணமும், சிறிய பில்லுக்கான கட்டணமும் ஏறும். அந்தக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக வேண்டாத பொருளைச் சேர்ப்போம். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய நகரங்களில் ஒருவருடைய சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் உணவுக்குப் போவது ஏறக்குறைய 40 விழுக்காடு. உணவுக்குள்ளே தானியத்தையும் பாலையும் காய்கறியையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் நிற்பது பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவை அடங்கிய பிரிவு. மொத்தச் செலவில் அதன் பங்கு 11 விழுக்காடு. உங்கள் ஐயாயிரமும் இந்தப் பிரிவில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: சிங்காநல்லூர்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஈரோட்டு ஐயா சொன்னபடி கடந்த மாத பில்களைக் கணவரும் நானும் உட்கார்ந்து பிரித்தோம். மொத்தம் 14,150. சமையல் சாமான், பால், காய்கறி, அசைவம், சோப்பு ஆகியவை சேர்ந்து 9,300தான். மிச்சம் 4,850இல் பெரும்பகுதி சிப்ஸ், குளிர்பானம், ஐஸ்கிரீம், பனீர், செயலியின் கட்டணங்கள் என்று போயிருக்கிறது. ஒரு பில்லைப் பார்த்துச் சிரித்தே விட்டோம்: கொத்தமல்லிக் கட்டு 18 ரூபாய், தயிர் 40 ரூபாய், மொத்தம் 312 ரூபாய். நடுவில் இருந்தவையெல்லாம் இலவச விநியோகத்துக்காகச் சேர்த்தவை. குடும்ப அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்த வாரம் செய்துவிடுகிறோம். விலை ஏறும் மாதங்களில் இந்தத் தொகை தாங்குமா என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

பதில் 4: ஈரோட்டுக் கணக்கர்

தாங்காது, அதனால்தான் ஆண்டுக் கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. முருங்கைக்காய் கோடையில் சீந்துவாரின்றிக் கிடக்கும். மார்கழியில் ஒரு காய் என்ன விலை என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறும். புரட்டாசியில் பலரும் அசைவத்தை விட்டுவிடுவதால் கோழி இறங்கும். ஆகவே ஒரு மாதத்தில் ஆயிரம் மிஞ்சினால் அதைச் செலவழிக்காமல் அடுத்த மாத மளிகைக்கே நகர்த்திவிடுங்கள். புளியும் மிளகாயும் மல்லியும் மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். மாடி இல்லாவிட்டால் அத்தையிடம் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

பில்லில் 9,300 வந்திருப்பதால் சமையலுக்கு 9,500 என்று வையுங்கள். நொறுக்குத் தீனிக்கும் செயலிக்கும் தனியாக 1,500 ஒதுக்கி, அதை வேறொரு கணக்கிலிருந்தோ ரொக்கமாகவோ கொடுங்கள். அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். அதை அடியோடு நிறுத்தப் பார்க்காதீர்கள், இரண்டு வாரத்தில் பழையபடி மளிகைக்குள் நுழைந்துவிடும். மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். எண்ணெய் வாங்கும்போது மட்டும் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று படியுங்கள்: ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும், அதே உயரத்தில் 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் அடுக்கில் நிற்கின்றன.