பழைய வீடு வாங்க அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தெரிந்த கட்டட வில்லங்கம்: உங்களுக்கு நடந்ததுண்டா?

கடற்கரைக்காரன்:
திருவான்மியூர், இரண்டாவது மாடி, 1996இல் கட்டியது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். டோக்கன் கொடுக்கப்போகிற நேரத்தில் மச்சான் பிடிவாதமாக, கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கிற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்தான். அவர் ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக பாத்ரூமுக்குப் போய் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கி, சுத்தியலால் பீமைத் தட்டினார். டொக், டொக், அப்புறம் ‘பொத்’. ஒரு சில்லு காங்க்ரீட் பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. உள்ளே கம்பி பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. துரு ஏறினால் கம்பி ஊதி காங்க்ரீட்டைத் தள்ளிவிடுமாம். அங்கே உப்புக்காற்று வேறு. வீட்டுக்கார அம்மா, “இருபது வருசமா குளிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே தம்பி” என்றார்.

வீட்டை வேண்டாமென்று விட்டோம். ஆனால் அந்தப் பலகையைத் திரும்ப மூடிவைத்ததும் நாங்கள்தான். மூன்றே மாதத்தில் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

கோவை சரவணம்பட்டி:
எங்களுடையது கரிசல் மண். வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல். கொத்தனார் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதிவைத்தார். விரிசல் பழசென்றால் கண்ணாடி நிற்கும், இன்னும் நகர்கிறதென்றால் உடையும். ஆறே வாரத்தில் உடைந்தது. பேரன் பந்து அடித்துவிட்டான் என்றார் விற்பவர். பேரனுக்கு எட்டு மாதம்!

பழைய மேஸ்திரி மகன்:
கடற்கரைக்காரன் சார், ஒரு ‘பொத்’துக்காக வீட்டையே விட்டது அவசரம். நாங்கள் அதே மாதிரி வீட்டை விலை குறைத்து வாங்கினோம். முட்டுக்கொடுத்து, பெயர்ந்ததைக் கொத்தி, துருவை உரசி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டிப் பூசினோம். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறு. பாத்ரூம் பீம் துருப்பிடித்தால் மேல்வீட்டுக்குப் போங்கள். கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அவர்கள் தளத்தைச் சரிசெய்யாமல் நீங்கள் கீழே பூசுவது வீண். அப்புறம் கார் நிறுத்துமிடத்தில் தூண்களின் அடிப்பக்கம். அது எல்லோருக்கும் பொது, உங்கள் வீட்டை மட்டும் ரிப்பேர் செய்து தப்ப முடியாது. அசோசியேஷன் கூடிப் பணம் போட வேண்டும். பேங்க் இன்ஜினியர் பார்த்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அவர் வருவது மதிப்புப் போட. புது பெயின்ட் வாசனை வந்தால் மழை முடிந்து இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

கடற்கரைக்காரன்:
மேல்வீட்டைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் நான் கேட்க வந்தது அதில்லை. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். நேற்று அந்த பால்கனிக் கொடியில் கைக்குழந்தைத் துணி காய்ந்தது. பெல் அடித்துச் சொல்லிவிடலாமா?