கெல்பிக்கு டிங்கோ ரத்தமா? இந்தக் கதையை எப்போது விடுவீர்கள்?

மந்தைக்காரன்:
ஆஸ்திரேலிய மேய்ப்பு நாய் கெல்பி, அங்கத்திய காட்டு நாய் டிங்கோ. நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "கெல்பி பாதி டிங்கோ. அதனால்தான் வெயிலுக்கு அஞ்சாது, குழந்தைகளின் குதிகாலைக் கவ்வும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், காஸ்டர்டன் அருகே வாரொக் பண்ணையில் ஜார்ஜ் ராபர்ட்சன் வளர்த்தவை ஸ்காட்லாந்துக் கோலி வகை மேய்ப்பு நாய்கள். அவற்றில் ஒரு பெட்டைக் குட்டியைத்தான் 1870களின் தொடக்கத்தில் ஜாக் கிளீசன் தன் குதிரையைக் கொடுத்து வாங்கினார். ஸ்காட்லாந்துக் கதைகளில் வரும் நீர்ப்பேயின் பெயரான கெல்பி என்பதை அதற்கு வைத்தார். இதில் டிங்கோ எங்கிருந்து வந்தது?

செங்காது:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று மூடி மூடித் திட்ட வேண்டாம். ஆட்டைக் கொல்கிறது என்று டிங்கோவைச் சுட்டுத் தள்ளிய காலம் அது. தன் மேய்ப்பு நாயில் அந்தக் கலப்பு இருக்கிறது என்று எந்தப் பண்ணைக்காரன் வெளியே சொல்வான்? எழுதி வைக்கவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சிவந்த நிறம், நிமிர்ந்த காது. கண் இருந்தால் போதும்.

மந்தைக்காரன்:
எழுதி வைக்காததெல்லாம் நடந்தது என்றால் என் நாய்க்குக் கங்காரு ரத்தம், அதுவும் நன்றாகத் தாவும். 2019இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் கெல்பி, டிங்கோ இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். கலப்புக்குச் சான்று இல்லை.

செங்காது:
நிறம், காது தொடர்பான மரபணுக்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம்?

மந்தைக்காரன்:
ஐயா, நீங்கள் காட்டிய சான்றே நிறமும் காதும்தானே!

பட்டிவாசல்:
ரத்தத்தை விடுங்கள். நான் நான்கு வருடம் கம்பளி வெட்டும் பருவத்தில் பட்டியில் வேலை பார்த்தவள். குறுகலான வழியில் ஆடுகள் அடைத்துக்கொண்டு நிற்கும்போது கெல்பி அவற்றின் முதுகில் ஏறி ஓடி, முன்னால் குதித்து நகர்த்தும். பார்டர் கோலி கண்ணாலேயே மிரட்டும். பட்டிக்குள் கெல்பி குரைத்தும் தள்ளியும் வேலையை முடிக்கும். மாலையில் பாதங்களைப் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் புல்விதை ஏறினால் தோலுக்குள் போய்ச் சீழ் வைக்கும். இதையெல்லாம் பேசலாமே?

மந்தைக்காரன்:
அக்கா சொல்வது சரி. குதிகாலைக் கவ்வுவதும் மேய்ப்புக் குணம்தான், டிங்கோ குணம் அல்ல. டிங்கோ ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். கெல்பி அப்படியா?

பட்டிவாசல்:
நான் பாதத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் மறுபடியும் டிங்கோவுக்கே போய்விட்டீர்கள்.

மாடிவீடு:
என் கெல்பி அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறது. சமர்த்து. சோபாவின் ஒரு கையை மட்டும் தின்றுவிட்டது.

மந்தைக்காரன்:
நாள் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் ஓடப் பிறந்த நாயை மாடியில் அடைத்தால் சோபாவைத்தான் மேய்க்கும். காலையும் மாலையும் ஓட விட்டால் மட்டும் போதாது, மூளைக்கும் வேலை வேண்டும். பொருளை ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். இல்லை என்றால் பூனை வளருங்கள்.

மாடிவீடு:
உங்களிடம் யோசனை கேட்டேனா? போன மாதம் என் நாயின் படத்தைப் பார்த்து "காட்சிக்கு வளர்த்த பொம்மை" என்றவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

மந்தைக்காரன்:
காட்சி வகை வேறு, வேலை வகை வேறு என்றேன். பொம்மை என்ற சொல் கோபத்தில் வந்தது. சொன்னது சொன்னதுதான்.

செங்காது:
பார்த்தீர்களா, எல்லாரிடமும் இதே பேச்சு. இவர் பெருமையாகச் சொல்லும் அந்தக் கிளீசனின் கெல்பி 1879இல் ஃபோர்ப்ஸ் ஊரில் நடந்த மேய்ப்பு நாய்ப் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. இறக்குமதி நாய்க்கு அந்த நிலத்தில் அவ்வளவு தெம்பு சும்மா வருமா?

மந்தைக்காரன்:
அது கிளீசனின் கெல்பி இல்லை! அவள் மகள், கிங்ஸ் கெல்பி. தகப்பன் சீசர், சீசரின் தாயும் தகப்பனும் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அந்த வெற்றிக்குப் பிறகுதான் அவள் குட்டிகளுக்கு மவுசு ஏறி, "கெல்பியின் குட்டி" என்று கேட்டுக் கேட்டே இனத்துக்கும் அந்தப் பெயர் நின்றது. தாய்க்கும் மகளுக்கும் வித்தியாசம் தெரியாதவர் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்.

செங்காது:
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது என் குற்றமா? தகப்பன் வழி சொன்னீர்கள், சரி. கிளீசன் குதிரை கொடுத்து வாங்கிய அந்தத் தாய்க்குத் தகப்பன் யார்? நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்களா?

மந்தைக்காரன்:
நீங்கள் பார்த்தீர்களா?

பட்டிவாசல்:
புல்விதைக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். காதுக்குள்ளும் போகும்.

செங்காது:
நிமிர்ந்த காது என்பதால் சுலபமாகப் போகும். டிங்கோ காது.

மந்தைக்காரன்:
ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் நிமிர்ந்த காதுதான். அதுவும் டிங்கோவா?

செங்காது:
நேற்று இரவு என் நாய் ஊளையிட்டது. டிங்கோவும் ஊளையிடும். அவ்வளவுதான் சொல்வேன்.

மந்தைக்காரன்:
பீகிளும் ஊளையிடும்.