அம்மாவுக்கும் அண்ணிக்கும் நடுவில் நிற்பவள் என்ன செய்வது?

கேள்வி: யாங்கோன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். அப்பா காலமான பிறகு அம்மா, அண்ணன் குடும்பத்துடன் இருக்கிறார்; நான் திருமணமாகி இரண்டு தெரு தள்ளி வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக, இரவு எட்டு மணியானால் அம்மா தொலைபேசியில் அழைத்து, அன்று அண்ணி சொன்னது, சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது, குழம்பில் புளியைக் கூட்டியது வரை எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுகிறார். சற்று நேரத்தில் அண்ணியும் அழைப்பார். ‘நீயே பக்குவமாக எடுத்துச் சொல்’ என்றுதான் இருவரும் முடிப்பார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலை. இப்போதெல்லாம் எட்டு மணி நெருங்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. இரவில் உறக்கம் வருவதில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்ல வாயெடுத்தால் ‘ஆனாடே’, அதாவது பிறர் மனம் நோகுமே என்ற தயக்கம், வந்து தடுத்துவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: மோல்மேன் வாசகர்

சகோதரி, சில மாதங்களுக்குத் தொலைபேசியை எடுக்காதீர்கள். எனக்கும் என் தம்பிக்கும் இடையில் இப்படியொரு தொல்லை வந்தபோது நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். அதன் பிறகுதான் நிம்மதியாக இருக்கிறேன்.

பதில்: பெகு ஆசிரியை

மகளே, மேலே சொல்லப்பட்ட வழியை நீ எடுக்க வேண்டாம். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் குடும்பங்களைக் கூர்ந்து கவனித்து, இருவருக்கு இடையே இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது அவர்கள் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். இதை அவர் முக்கோணம் என்றார். பாரத்தில் ஒரு பங்கு மூன்றாமவர் மேல் இறங்கிவிடுவதால் முதல் இருவரும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய், பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. உன் வீட்டில் நடப்பது இதுதான். உறவை அடியோடு வெட்டிக்கொள்வதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். தீராத பிணைப்பு தொலைவினால் தீர்ந்துவிடுவதில்லை என்பதே அவருடைய கருத்து. இருவரோடும் நெருக்கமாக இரு; ஆனால் செய்தி சுமக்காதே.

‘ஆனாடே’ நம் நாடு நமக்குக் கற்றுத்தந்த நற்பண்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பர்மியச் சொல்லின் நேர்ப்பொருள் ‘பலம் நோகிறது’ என்பதாகும், நோவது இப்போது உன் பலம். 1993இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் அருவருப்பூட்டும் படத்தைச் சிலருக்குக் காட்டி, உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, உள்ளே இருந்த அருவருப்பு குறையவில்லை, உடலின் சில கிளர்ச்சிகள் கூடவும் செய்தன. நீ குரலில் எதையும் காட்டாமல் ‘சரிம்மா, சரிம்மா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரமெல்லாம் உன் வயிறு பிசைவதில் எனக்கு வியப்பில்லை.

அம்மாவிடம், ‘உங்கள் மனம் புண்பட்டிருப்பது எனக்குத் தெரிகிறது; அதை அண்ணியிடம் நீங்களே சொன்னால்தான் சரியாக இருக்கும், நான் சொன்னால் திரிந்துவிடும்’ என்று சொல். முதலில் கோபப்படுவார், சில வாரங்கள் இன்னும் அதிகமாக அழைக்கவும் கூடும். அப்போதும் அதே சொற்களை அதே கனிவோடு சொல். இன்னொன்று: அந்த எட்டு மணிக்கு உன்னைத் தவிர அவருக்குப் பேச்சுத்துணை யார் இருக்கிறார்கள்?

பதில்: தாட்டோன் செவிலி

ஆசிரியையை வழிமொழிகிறேன். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: யாங்கோன் வாசகி

ஆசிரியை அம்மா, உங்கள் கடைசிக் கேள்வி என்னை இரண்டு நாட்கள் தூங்கவிடவில்லை. அவருக்கு யாரும் இல்லை. 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு பெரியம்மாக்கள் இருவரும் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. துறைமுகத்தில் கையசைத்ததை இன்றும் சொல்வார். நேற்று இரவு நீங்கள் எழுதித் தந்தபடியே சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘நீ சாப்பிட்டாயா?’ என்று கேட்டார். பெரியம்மாக்களைப் பற்றிக் கேட்டேன். ஒன்பதரை மணி வரை பேசிக்கொண்டிருந்தோம். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.