தேன்கூடு தாளில் அச்சான பழைய படம்: ஸ்கேனில் விழும் புள்ளிகளை எப்படி எடுப்பது?

நண்பர்களே, வணக்கம். தாத்தாவும் பாட்டியும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கீறல், மடிப்புக் கோடு எல்லாம் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஹீல், குளோன் கருவிகளை வைத்துப் பொறுமையாக எடுத்துவிடலாம். சிக்கல் தாளில்தான். அந்தக் காலத்தில் வந்த, தேன்கூடு போல மேடுபள்ளமான தாள். ஸ்கேனர் விளக்கு சாய்வாக விழுவதால் ஒவ்வொரு குழியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்குகிறது. படத்தை மங்கலாக்கினால் புள்ளியோடு பாட்டியின் மூக்குத்தியும் போய்விடுகிறது!

600 டிபிஐ, 16 பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்திருக்கிறேன். கிம்ப்பின் ஜிமிக் செருகுநிரலில் ஃபூரியர் உருமாற்றம் (படத்தில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) செய்து, அதில் நடுவைச் சுற்றி ஒழுங்காகத் தெரியும் பொட்டுகளை அழித்துத் திரும்ப மாற்றினேன். முகம் பரவாயில்லை. ஆனால் புடவைக் கரையை ஒட்டி அலை அலையாக வளையங்கள் விழுகின்றன. பொட்டுகளை எவ்வளவு பெரிய, எவ்வளவு மென்மையான பிரஷ்ஷால் அழிக்கிறீர்கள்?

அப்புறம், படத்தை 180 டிகிரி திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுத்து, இரண்டையும் சராசரி செய்தால் புள்ளிகள் குறையும் என்கிறார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா? இரண்டையும் துல்லியமாகப் பொருத்த, படங்களை இணைக்கும் ஹுகின் மென்பொருள் போதுமா?

முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ கருவிகளை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஜிஎஃப்பி-கேன் போன்றவை தாங்கள் கற்ற முகங்களை வைத்து விடுபட்டதை ஊகித்து வரைகின்றன. எனக்கு வந்தது லட்சணமான யாரோ ஒரு பெண், பாட்டி இல்லை.

உதவ முடிந்தவர்கள் கேட்டால் அசல் ஸ்கேனையே அனுப்புகிறேன்.