மறு: பொலினேட்டர் – ‘மகரந்தச்சேர்ப்பி’ என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு சேர்க்கும் உயிர்களை ஆங்கிலத்தில் ‘பொலினேட்டர்’ என்கிறார்கள். பழத்தோட்டக்காரர்களுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், நம் குழுமத்து ஈப்போ அண்ணன் முன்வைத்த ‘மகரந்தச் சேர்க்கையாளர்’ எனக்கு ஒட்டவில்லை. ‘ஆளர்’ என்றதும் மனிதர்தான் கண்முன் நிற்கிறார். மலேசியாவில் எங்கள் குளுவாங் பக்கம் அப்படி உண்மையிலேயே ஆட்கள் இருந்தார்கள். என் அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் அந்த வேலைதான் பார்த்தார். மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, பெண்பாளையைத் தேடித் தேடி ஊதிவிட வேண்டும். ‘பவுடர் அடிக்கப் போறேன்’ என்றுதான் சொல்வார். திரும்பும்போது சட்டைக் கையெல்லாம் வெள்ளையாக இருக்கும். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அம்மாவின் வேலையை அது எடுத்துக்கொண்டது. சோம்பு வாசம் வீசும் ஆண்பூவில், எள்ளைக் கொட்டினாற்போல் அது மொய்ப்பதை இன்றும் பார்க்கலாம். அம்மாவைச் ‘சேர்க்கையாளர்’ எனலாம். வண்டை?

சொல்லில் ‘பூச்சி’யும் வரக்கூடாது. எங்கள் ஊருக்குப் பெயர் தந்ததே கெலுவாங் என்கிற பழந்தின்னி வௌவால்தான். டுரியான் பூ பொழுது சாயும்போது விரியும். விடிவதற்குள் இதழெல்லாம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். அந்த ஓர் இரவில் தேன் குடிக்க வந்து காய் பிடிக்கவைப்பதில் வௌவால்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே ‘மகரந்தச்சேர்ப்பி’. ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி மாதிரி இகரத்தில் முடிகிறது. வண்டு, வௌவால், தேனீ எல்லாவற்றுக்கும் பொருந்தும். மகரந்தத்துக்குத் தாது என்றும் பெயர் உண்டு என்பதால் ‘தாதுசேர்ப்பி’யும் அழகான சொல்தான். ஆனால் இங்கே தாது என்றால் தாது உப்புதான் நினைவுக்கு வரும். மகரந்தச் சேர்க்கை, பள்ளியிலேயே பிள்ளைகள் படித்த சொல்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. நம் வாயில் ‘பூச்சி’ என்றாலே எதிரி. போன பருவத்தில், டுரியான் பூத்திருந்த நேரத்தில், பக்கத்துத் தோட்டத்து மாமா ‘பூச்சிக்கு மருந்து அடிச்சாச்சு’ என்றார். மறுநாள் காலையில் உதிர்ந்த இதழ்களுக்கு நடுவே கொசுத்தேனீக்கள் கால் மடங்கிக் கிடந்தன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டை அப்படியே இருந்தது. மாமா கெட்டவர் இல்லை. நாம் அவருக்குப் பிரித்துச் சொல்லச் சொல் தரவில்லை.

மலாயில் பூச்சி ‘செராங்கா’, பயிரை அழிப்பது ‘பெரோசாக்’. இரண்டும் வேறு வேறு. பயிரை அழிப்பதை இலங்கைத் தமிழர் ‘பீடை’ என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. எலியும் நத்தையும்கூட அதில் அடங்கும். இங்கே ‘பீடை’ திட்டுச் சொல்லாயிற்றே என்று சிலர் தயங்கலாம். விரட்டவேண்டியது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது, சரிதானே? ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’யை ‘ஒருங்கிணைந்த பீடை மேலாண்மை’ ஆக்கிவிடலாம்.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த வரி: ‘பூ விரிந்திருக்கும் நாட்களில் நஞ்சு தெளிக்காதீர்கள், பீடையோடு மகரந்தச்சேர்ப்பியும் மடியும்.’ மலாயில் ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு, என்று உள்ளபடியே சொல்கிறார்கள். எனக்கும் ‘மருந்து’ என்று எழுதக் கை வரவில்லை. அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.