புதுப்பிப்பு: பால் பைத்தான் முட்டைகள் பொரிந்தன

எங்கள் பால் பைத்தான் (Ball Python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஒரு மலைப்பாம்பு வகை) முதன்முறையாக இட்ட 6 முட்டைகளில் இரண்டு, 45ஆம் நாளில் குழி விழுந்து சுருங்கியதைக் கண்டு பதறி, அவற்றை அப்புறப்படுத்திவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுத்திருக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த இரண்டும் உட்பட ஐந்து முட்டைகள் பொரிந்துவிட்டன.

ஈரமான வெர்மிகுலைட்டின் (ஈரத்தைத் தக்கவைக்கும் கனிமத் துகள்கள்) மேல் 31.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருந்தேன்; கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டி வளர்வதால், முட்டை புரண்டுவிடாதபடி பென்சிலால் மேற்புறத்தைக் குறித்திருந்தேன்.

57ஆம் நாள் விடியற்காலையில் மூடியைத் திறந்தபோது, ஒரு முட்டையில் சவர அலகால் கீறியதுபோல் இரண்டு கோடுகளும், அவற்றிலிருந்து கசிந்த கொழகொழப்பான திரவமும், நடுவே சிறிய மூக்கு நுனியும் தெரிந்தன. என் நிழல் பட்டதும் மூக்கு உள்ளே போய்விட்டது. முட்டைப்பல்லால் (ஓட்டைக் கிழிப்பதற்கென்றே குட்டியின் மூக்கு நுனியில் இருக்கும் சிறு பல்) ஓட்டைக் கிழித்த பிறகும், எஞ்சிய மஞ்சள் கருவை உடல் உறிஞ்சிக்கொள்ளும்வரை குட்டி உள்ளேயே இருக்கும் என்பதால், கைவைக்காமல் ஒன்றரை நாள் காத்திருந்தேன். வெளியே இழுத்திருந்தால் பெருங்கேடாகியிருக்கும்.

ஆறாவது முட்டைக்குள் முழுதாக வளர்ந்த குட்டி இறந்துகிடந்தது. அதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

ஐந்து குட்டிகளும் தனித்தனிப் பெட்டிகளில் ஈரக் காகிதத்தின் மேல் சுருண்டிருக்கின்றன. நேற்று, ஒன்பதாம் நாளில், மூத்தது முதல் சட்டையை உரித்தது. இனி அதற்குச் சுண்டெலிக் குஞ்சு கொடுத்துப் பார்க்க வேண்டும். தாயும் மீண்டும் இரையெடுக்கத் தொடங்கிவிட்டது.