பலாலி விமானத்தளப் படங்களும் பதிவுகளும்: பல்கலைக்கழக எண்ணிம ஆவணகத்தில் சேர்க்குமுன் எதை முதலில் செய்வது?

வலிவடக்கு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் வேலைசெய்த ஒருவரின் குடும்பத்தார் இரண்டு றங்குப்பெட்டிகளை நூலகத்துக்குத் தர உடன்பட்டிருக்கிறார்கள். உள்ளே தபாலட்டை அளவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய 350, சுருளாகவும் துண்டாகவும் நெகட்டிவ்கள், எயார் சிலோன் (இலங்கையின் பழைய விமான நிறுவனம்) கால அட்டவணைகள், பயணச்சீட்டு அடிக்கட்டைகள் இருக்கின்றன. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு போட்ட ஓடுபாதை வரைபடங்கள் சிலவும் உண்டு. வசாவிளான், மயிலிட்டி முதியவர்கள் பேசிய ஒரு மணிநேரக் கசெற்றுகள் 12. ஊர்ச்சங்க மலர்களின் பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் ஒரு சிடியில்.

நெகட்டிவ் டப்பாவைத் திறந்தால் வினாகிரி மணம் அடிக்கிறது. ஆவணகம் டிஸ்பேஸ் என்ற ஆவணக மென்பொருளில் இயங்குகிறது. எந்த அளவில் ஸ்கான் செய்வது, எதில் தொடங்குவது, தமிழ் விவரங்களை எப்படிப் பதிவது, எவற்றைப் பொதுவில் விடக்கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநெல்வேலி நூலகர்

ஸ்கானரைத் தொடுமுன் பெட்டியைத் தொடுங்கள், அதுவும் கலைக்காமல். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். படங்களை “விமானம்”, “ஆட்கள்”, “கட்டடம்” என்று பிரிக்க எல்லாருக்கும் கை துடிக்கும். பிரித்துவிட்டால், ஒரே உறையில் இருந்த எட்டுப் படங்களும் ஒரே நாளில் எடுத்தவை என்ற சான்று போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ஒவ்வோர் அடுக்கையும் எடுக்குமுன் கைபேசியால் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு பெட்டி, உறை, உருப்படி என்ற ஒழுங்கில் இலக்கம் இடுங்கள்: பெ1-உ07-012 என்பதுபோல. கோப்புப் பெயரும் அதே இலக்கமாக, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். இலக்கத்தை 2பி பென்சிலால் பின்பக்க ஓரத்தில் மெதுவாக எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்களில் பென்சில் பிடிக்காது, அவற்றுக்கு உறையில் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும்.

படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 24 பிட் நிறம், சுருக்கம் இல்லாத டிஃப் கோப்பு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் நிறத்தில்தான் செய்ய வேண்டும், பழுப்பேறியதும் கறையும் பின்பக்க ஸ்டூடியோ முத்திரையின் நிறமும் தகவல்தான். பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் விடாதீர்கள். 9 × 14 சென்ரிமீற்றர் படம் ஒன்று இந்த அளவில் ஏறக்குறைய 21 மெகாபைற். இரு பக்கமும் சேர்த்து 350 படங்களுக்கு 15 கிகாபைற் வரும். இன்றைய வன்தட்டில் அது ஒரு மூலை. ஆகவே இடம் போதாது என்று சொல்லி ஜேபெக்கில் ஸ்கான் செய்யாதீர்கள். ஸ்கானர் தரும் “தானாகக் கூர்மையாக்கு”, “தூசு நீக்கு” எல்லாவற்றையும் நிறுத்தி, நிற அளவுகோல் ஒன்றை நாளின் தொடக்கத்தில் ஒருமுறை ஸ்கான் செய்து வையுங்கள். கால அட்டவணைகளுக்கு 400 டிபிஐ போதும். ஏ4 பக்கம் ஒன்று 46 மெகாபைற் வரும்.

நீல வரைபடங்கள் தனிக் கதை. அவை இரும்பு உப்பால் ஆன நீலம், காரம் பட்டால் வெளிறும். ஆவணக் காப்புக்கென்று விற்கும் தாள்களில் பெரும்பாலானவற்றில் அமிலத்தை முறிக்கக் கல்சியம் காபனேற்று சேர்த்திருப்பார்கள். மற்ற எல்லாத் தாளுக்கும் நல்லதான அது இவற்றுக்கு ஆகாது. காரமூட்டாத நடுநிலைத் தாளில் வையுங்கள், வெளிச்சத்தில் விரித்துப் போடாதீர்கள். 24 மெகாபிக்சல் கமராவால் ஏ1 தாளை ஒரே படமாக எடுத்தால் ஏறக்குறைய 170 டிபிஐ-தான் கிடைக்கும், சிறிய அளவெண்கள் வாசிக்கமுடியாது. ஓரங்கள் மேற்படிய நான்கு துண்டாக எடுத்து இணையுங்கள், துண்டுகளையும் அழிக்காதீர்கள்.

விவரம் எழுதாத ஸ்கான் தொலைந்த படம்தான். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஸ்கானை அடுத்த வருடமும் செய்யலாம்.

படச்சுருள்

நூலகர் சொன்ன கடைசி வரி நெகட்டிவ்களுக்குப் பொருந்தாது. வினாகிரி மணம் வந்தால் நெகட்டிவின் அசெற்றேற் (ஒரு பிளாஸ்டிக் வகை) படலம் சிதையத் தொடங்கிவிட்டது. வெளிவரும் அசெற்றிக் அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும், அதனால் போகப்போக வேகம் கூடும். பக்கத்தில் இருக்கும் நல்ல நெகட்டிவையும் பிடிக்கும். யாழ்ப்பாணத்தின் வெப்பமும் கடற்கரை ஈரப்பதனும் இதற்குத் தீனி. படலம் சுருங்கி, மேலே உள்ள ஜெலற்றின் படை தனியே மடிந்து எழும்பிய பிறகு எந்த ஸ்கானரிலும் தட்டையாக வைக்க முடியாது. ஆகவே இவைதான் முதல் வேலை.

முதலில் விளிம்பைப் பாருங்கள். “சேஃப்டி” என்று அச்சிட்டிருந்தால் அசெற்றேற். “நைட்ரேற்” என்று இருந்தாலோ, 1950களின் தொடக்கத்துக்கு முந்திய, குறி எதுவும் இல்லாத படலமாக இருந்தாலோ, தனியே எடுத்து வையுங்கள். அது தீப்பற்றும் பொருள், பற்றினால் தண்ணீராலும் அணையாது. அதை அலுமாரிக்குள் பூட்டாமல் பல்கலைக்கழகத் தீயணைப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

மணமுள்ளவற்றை மணமில்லாதவற்றிடமிருந்து பிரியுங்கள். அமிலம் காட்டும் தாள்கீற்றை டப்பாவுக்குள் 24 மணிநேரம் மூடிவைத்தால் நீலத்திலிருந்து பச்சை, பிறகு மஞ்சள் என்று மாறும். மஞ்சளை நோக்கிப் போனவற்றை அந்தக் கிழமையே ஸ்கான் செய்ய வேண்டும். மற்றவற்றைக் காகித உறையில் இட்டு, ஈரமுறிஞ்சி சேர்த்து, ஸிப் பைகள் இரண்டுக்குள் காற்றை வெளியேற்றி மூடி, பனி தானாக நீங்கும் வகை உறைபெட்டியில் வைக்கலாம். எடுக்கும்போது பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த படலத்தில் நீர் படிந்து ஜெலற்றின் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கானர்: ஒளி ஊடுருவும் மூடியுள்ள தட்டை ஸ்கானர், எப்சன் வி850 போன்றது, போதும். பெட்டியில் 6400 டிபிஐ என்று இருந்தாலும் உண்மையில் பிரித்துக் காட்டுவது 2300 அளவுதான். 2400-க்கு மேல் போனால் கோப்புத்தான் பெருக்கும். 16 பிட் சாம்பல்நிறம் தெரிவுசெய்யுங்கள். அகச்சிவப்பால் தூசு நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளைப் படலத்துக்குப் போடவே கூடாது. வெள்ளித் துகள் அகச்சிவப்பை மறைக்கும், மென்பொருள் படத்தையே கீறல் என்று எடுத்துப் பூசிவிடும். படலம் கண்ணாடியில் நேரே தொட்டால் எண்ணெய்ப்படலம் போல வளையங்கள் விழும், தாங்கியில் வையுங்கள். நைத்திரைல் கையுறை போடுங்கள், அறையில் காற்றோட்டம் வேண்டும்.

திருநெல்வேலி நூலகர்

ஏற்றுக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உறைபெட்டிக்குப் போகுமுன் இலக்கம் போட்டுவிடுங்கள். எந்தப் பெட்டியின் எந்த உறையிலிருந்து வந்தது என்று தெரியாத நெகட்டிவ், பிறகு எந்தப் படத்தோடும் சேராது.

எழுத்துரு

தமிழ்ப் பதிவில் எங்கே பிழைக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விவரங்களை எக்செலில் தட்டி சிஎஸ்வியாகச் (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச்) சேமித்தால் பல பதிப்புகளில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும்; 1952-03 என்று எழுதிய தேதியை அது “மார்ச்-52” ஆக்கிவிடும். லிப்ரே ஒஃபிஸில் எல்லா நிரலையும் “உரை” என்று குறித்து, யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தெரிவுசெய்து சேமியுங்கள். டிஸ்பேஸில் ஒரே புலத்தில் பல பெறுமதி வந்தால் இரட்டைச் செங்குத்துக் கோடு இட்டுப் பிரிக்க வேண்டும்.

ஒருங்குறியிலும் (யூனிகோட்) பொறி உண்டு. “கொ” என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. இப்படிப்பட்ட குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் என்எஃப்சி இயல்பாக்கம் ஓட்டினால் அது சரியாகும். ஆனால் “ஸ்ரீ” அப்படிச் சரியாகாது. ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் அதே வடிவம் வரும், இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்காது. ஒன்றைத் தெரிந்து மற்றதை மாற்றிவிடுங்கள்.

இடப்பெயருக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வசாவிளான், வயாவிளான் இரண்டும் வழக்கில் உண்டு. காங்கேசன்துறை, காங்கேசந்துறை, கேகேஎஸ் மூன்றும் வரும். ஒன்றை நியமப் பெயராக்கி மற்றவற்றை மாற்றுப்பெயராகப் பதியுங்கள். மூலத்தில் எப்படி எழுதியிருந்ததோ அதைத் தலைப்பில் அப்படியே விடுங்கள்.

பேஜ்மேக்கர் மலர்கள் அநேகமாகப் பாமினி என்ற, ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். அதிலிருந்து செய்த பிடிஎஃப் திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையான பதிப்புகள் திறக்கும். எழுத்துருவை உட்பொதித்துப் பிடிஎஃப்/ஏ (நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்) ஆக்கி, உரையைத் தனியே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், ஒருங்குறியில் பின்னால் வரும். வெறும் “தேடி மாற்று” செய்தால் கொம்பு முந்திய எழுத்தில் ஒட்டும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை முதலில் பிரித்தெடுக்காவிட்டால் விமானங்களின் பெயரெல்லாம் பொருளில்லாத தமிழாக மாறிவிடும். மூலக் கோப்பையும் எழுத்துருக் கோப்பையும் அழிக்கவேண்டாம்.

பழைய அச்சுத் தாள்களில் தும்பிக்கை போட்ட லை, னை, ணை வரும். டெஸரக்ட் என்ற எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) அவற்றில் அடிக்கடி தடுக்கும். எழுத்துணரியின் விளைவைத் தேடலுக்கு மட்டும் பின்னால் வையுங்கள், திருத்தாமல் வாசகருக்குக் காட்டாதீர்கள். மலர்களை ஸ்கான் செய்யுமுன், ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வலிவடக்கு

மிக்க நன்றி. நெகட்டிவ்களுக்கு இலக்கமிடுவதில் தொடங்குகிறோம். இரண்டு சந்தேகம்: பின்பக்கம் எதுவும் எழுதாத விமானப் படங்களுக்குக் காலம் எப்படிக் குறிப்பது? கசெற்றுகளை எப்படிக் கையாள்வது?

றெக்கை

விமானத்தின் பதிவெழுத்தைப் பாருங்கள், அதற்காகவே வால்பகுதியை 600 டிபிஐயில் உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும். இலங்கை விமானங்கள் முதலில் “விபி-சி” என்று தொடங்கின. 1948-க்குப் பிறகு “சிவை”, 1950களின் நடுப்பகுதியிலிருந்து இன்றுவரை “4ஆர்”. முன்னெழுத்து மட்டும் தெரிந்தாலே படம் எந்தக் காலத்துக்குள் அடங்கும் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது உருவம். எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் பறப்பை டகோட்டா வகை விமானத்தில் தொடங்கியது. அந்த “காங்கேசன்துறை” பலாலித் தளம்தான். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வான்படைக்காக அமைத்தது. ஆகவே கால அட்டவணையில் காங்கேசன்துறை என்று கண்டு வேறு தளம் என்று பதிந்துவிடாதீர்கள். டகோட்டாவுக்கு வாலின் கீழே சில்லு, நிலத்தில் நிற்கும்போது மூக்கு வானைப் பார்க்கும். அவ்ரோ 748 மூக்குச்சில்லில் கிடையாக நிற்கும், எயார் சிலோனுக்கு அது வந்தது 1964-இல். அவ்ரோ நின்றால் படம் அதற்குப் பிந்தியது, எயார் சிலோன் பெயரும் இருந்தால் 1979-க்குப் பிந்தியதல்ல. டகோட்டா மட்டும் நின்றால் அதைக் கொண்டு முடிவுக்கு வராதீர்கள், அவை அவ்ரோ வந்த பிறகும் பறந்தன.

காலத்தை ஊகமாகக் குறிப்பதற்கென்றே முறை உண்டு: 195எக்ஸ் என்றால் 1950களில் ஏதோ ஓர் ஆண்டு, 1952-இன் பின்னால் அலைக்குறி இட்டால் ஏறத்தாழ 1952. டிஸ்பேஸின் தேதிப் புலம் இவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தாது. வரிசைக்கு ஓர் ஆண்டைக் கொடுத்து, ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் தனிப் புலத்தில் எழுதுங்கள். “பதிவெழுத்தைக் கொண்டு” என்று இரண்டு சொல் எழுதினால் போதும், அடுத்து வருபவர் சரிபார்க்கலாம்.

காப்புப்பெட்டி

கசெற்றைப் போட முன்னம் பின்பக்கத்தில இருக்கிற பதிவுத் தடுப்புக் காதை உடைச்சுவிடுங்கோ, ஆரும் தவறுதலா அழிக்கேலாது. ஒருக்கா முழுக்க முன்னுக்கு ஓட்டி, திருப்பிச் சுத்திப்போட்டுப் பதியுங்கோ, நாடா ஒட்டியிருந்தால் இளகும். சத்தம் மந்தமா, மூடின மாதிரிக் கேட்டால் ஒலித்தலையின்ர சாய்வை ஒவ்வொரு கசெற்றுக்கும் சிறிய திருகாணியால சரிசெய்யவேணும், இதைப் பிறகு கணினியில சரிக்கட்டேலாது. 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மணிக்கு ரெண்டு கிகாபைற்றுக்குச் சற்று மேல, பன்னிரண்டுக்கும் 25 கிகாபைற். இரைச்சல் நீக்கின பிரதி கேக்கிறதுக்கு மட்டும், மூலம் தொடாமல் இருக்கட்டும்.

உரிமை விசயத்தில கவனம். பெட்டி தந்தவை படத்தின்ர தாளுக்குத்தான் சொந்தக்காரர். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எடுத்தவரின்ர ஆயுளுக்கும் பிறகு 70 வருசத்துக்கும் இருக்கும். கையளிப்புக் கடிதத்தில பொருளைத் தாறது, ஸ்கான் செய்யிறது, இணையத்தில விடுறது மூண்டையும் தனித்தனியா எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. கசெற்றில கதைச்சவை உயிரோட இருந்தால் அவையிட்ட, இல்லையெண்டால் பிள்ளையளிட்டக் கேளுங்கோ. 1990 இடப்பெயர்வைப் பற்றிக் கதைக்கேக்க ஆக்களின்ர பேர், காணி எல்லை எல்லாம் வரும். அந்தப் பகுதியளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடிவைக்க டிஸ்பேஸில வசதி இருக்கு. பயணிகள் பட்டியல் ஏதும் இருந்தால் அதையும் மூடுங்கோ. 1998 செப்ரெம்பர் 29 பலாலியில இருந்து வெளிக்கிட்ட லயன் எயார் விமானத்தில போன 55 பேரும் திரும்பேல்லை. அந்தக் காலத்துப் பேர்ப்பட்டியல் ஒண்டைத் தேடல் பெட்டியில தற்செயலாக் காணவேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. ஓடுபாதை வரைபடங்களை வெளியிட முதல் பல்கலைக்கழகச் சட்டப்பிரிவிட்டக் கேளுங்கோ, தளத்தில இப்பவும் படை இருக்கு.

பிரதி மூண்டு வேணும்: ரெண்டு வேறவேற வகைச் சேமிப்பில இங்க, ஒண்டு யாழ்ப்பாணத்துக்கு வெளியில. ஒரே கட்டடத்தில எல்லாத்தையும் வைச்சால் என்ன நடக்குமெண்டு 1981இல யாழ். நூலகம் எரிஞ்சபோது கண்ட ஊர் இது. டிஸ்பேஸில பார்வைப் பிரதியை மட்டும் ஏத்தி, டிஃப், வேவ் மூலங்களை பேக்இட் எண்ட கோப்புப் பொதிக் கட்டமைப்பில, கோப்பு மாறேல்லை எண்டு காட்டுற ஷா-256 சரிபார்ப்புத் தொகையோட வையுங்கோ. டிஸ்பேஸுக்குள்ள சரிபார்ப்புக் கருவி இருக்கு, ஆனால் அது தானா ஓடாது. சேர்வரில நேர அட்டவணை போட்டு விடச்சொல்லி நிர்வாகியிட்டச் சொல்லுங்கோ. வன்தட்டை அலுமாரியில வருசக்கணக்கா விடாமல் ஆறு மாசத்துக்கு ஒருக்கா இணைச்சு முழுத்தொகையையும் சரிபாருங்கோ. ஸ்கான் செய்யிற கணினிக்கு யூபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் பாதி டிஃப்தான் மிஞ்சும், சில மென்பொருள் அதையும் முழுக்கோப்பு மாதிரித் திறந்து காட்டும். சரிபார்ப்புத் தொகை எடுக்க முதல் ஒவ்வொரு கோப்பையும் கடைசி வரிவரைக்கும் திறந்து பாருங்கோ.